புது மின்சாரக் கார், 1,900 கிலோமீட்டர், சாய்ந்த ஸ்டீயரிங்

கிணத்துக்கடவு தாண்டியதும் சாலை கொஞ்ச தூரம் நேராக ஓடும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வண்டிகள் அதிகமில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அப்பா பொள்ளாச்சியில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசி காற்றை மட்டும் இரண்டு தடவை திருப்பி வைத்தார். அப்புறம் என் கைகளைப் பார்த்தபடி சொன்னார்: "அம்மிணி, வண்டி நேராத்தான் போகுது. ஸ்டீயரிங் சாஞ்சு நிக்குது பாரு."

பார்த்தேன். ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் முத்திரை வலது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கடிகாரத்தில் ஒரு நிமிடக் கோடு நகர்ந்த அளவு, ஐந்தாறு டிகிரி இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகவர தினமும் 80 கிலோமீட்டர் நான்தான் ஓட்டுகிறேன். என் கண்ணில் படவில்லை. 31 வருஷம் லாரி ஓட்டியவருக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

அப்போது வண்டி ஓடியிருந்தது 1,900 கி.மீ. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மின்சாரக் கார் வாங்க நினைக்கும் சக ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "சர்வீஸ் செலவே இல்லையாமே?" நானும் அப்படி நம்பித்தான் வாங்கினேன். அது பொய் இல்லை. இன்ஜின் ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. பெட்ரோல் காரின் சர்வீஸ் பில்லில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும் வரிகள் எல்லாம் காணாமல் போய்விடுகின்றன. ஆனால் சாலையில் இருக்கும் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் இறங்குகிற வண்டியோ முன்பைவிடக் கனமாகிவிட்டது. என் ஆர்.சி.யில் வண்டியின் எடை 1,400 கிலோவுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது. இதே அளவு பெட்ரோல் கார் இதைவிட நூற்றைம்பது, இருநூறு கிலோ குறைவாக இருக்கும். வித்தியாசத்துக்குக் காரணம் தரைக்கடியில் பலகை மாதிரி படுத்திருக்கும் பேட்டரி. இரண்டு மூன்று பெரியவர்கள் வண்டியை விட்டு இறங்காமலே எப்போதும் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கனம் முழுவதையும் தாங்குவது, நம் உள்ளங்கை அகலத்துக்குத் தரையைத் தொடும் நான்கு ரப்பர் துண்டுகள்.

போதாததற்கு, மோட்டாரின் இழுவை முழுதும் மிதித்த கணத்திலேயே சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. பெட்ரோல் இன்ஜின் மாதிரி வேகம் ஏறி, சத்தம் ஏறி, அப்புறம் இழுப்பதில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்புவது) வந்து அதே டயர்களைப் பின்னுக்குப் பிடிக்கிறது. முன்னுக்கு இழுப்பதும் பின்னுக்குப் பிடிப்பதும் என் வண்டியில் முன் டயர்கள் இரண்டும்தான். ஆகவே மின்சாரக் காரில் பராமரிப்பு ஒழிந்துவிடவில்லை. பானெட்டுக்குள் இருந்தது இறங்கி டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் வந்துவிட்டது. வண்டி வாங்கும் நாளில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சொல்லாததால் நான் எழுதுகிறேன்.

டயர் காற்றில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் முதல் பாடம் அதுதான். டெலிவரி எடுத்த நாளிலிருந்து வண்டி குதித்துக் குதித்துப் போகிற மாதிரி இருந்தது. சின்ன வேகத்தடைகூட முதுகில் தெரிந்தது. மின்சாரக் கார் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம் பெட்ரோல் பங்கில் காற்று பார்த்தபோது நான்கு டயரிலும் 46 பி.எஸ்.ஐ. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என் வண்டிக்குப் போட்டிருப்பது 35. தொழிற்சாலையிலிருந்து கிளம்பும் வண்டிகள் வாரக்கணக்கில் யார்டில் நிற்க வேண்டியிருக்கும். ஒரே இடத்தில் நிற்கும் டயர் அடிப்பக்கம் தட்டையாகிவிடாமல் இருக்கக் காற்றை அதிகமாக அடித்து அனுப்புவார்கள். நம் கையில் கொடுப்பதற்கு முன் ஷோரூமில் அதைக் குறைக்க வேண்டும். எனக்குக் கொடுத்தவர்கள் குறைக்கவில்லை. மாலை, தேங்காய், பெரிய சாவி, புகைப்படம் எல்லாம் நடந்தது. இந்த ஐந்து நிமிட வேலை நடக்கவில்லை.

காற்று அதிகமானால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு நடுவிலேயே தேயும். குறைந்தால் இரண்டு ஓரத் தோளும் தேயும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும். அன்றைக்கே 500 ரூபாய்க்கு ஒரு காற்று மீட்டர் வாங்கிவிட்டேன். மாதம் இரண்டு தடவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறேன். ஓடி வந்த டயரில் பார்த்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் குறைத்துவிட்டால் மறுநாள் காலையில் காற்று போதாமல் நிற்கும். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாரக்கணக்கில் பார்க்காமல் விடும் நைட்ரஜனைவிட, ஒழுங்காகப் பார்க்கிற சாதாரணக் காற்று மேல்.

சரி, சாய்ந்த ஸ்டீயரிங்குக்கு வருகிறேன். வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்பக்க இடது டயர் முன்னால் குந்தினார். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கச் சொன்னார். டயரின் முகம் வெளியே தெரிந்ததும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தடவினார். பிறகு வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே. என் கையைப் பிடித்து அதே மாதிரி தடவ வைத்தார்.

உள்ளிருந்து வெளியே போகும்போது வழுவழுவென்று இருந்தது. வெளியிலிருந்து உள்ளே வரும்போது ஒவ்வொரு பட்டையின் ஓரமும் விரலைப் பிடித்து நிறுத்தியது. துருவுபலகையில் பின்பக்கமாகக் கை போனால் ஒன்றும் தெரியாது, முன்பக்கமாக வந்தால் கீறும், அப்படி. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. டயர் கன்னங்கரேலென்று, ஓரத்தில் புது டயருக்கு உண்டான சின்னச் சின்ன ரப்பர் முடிகளோடு, நேற்று மாட்டிய மாதிரி இருந்தது.

"மூக்கு வெளியே பாக்குது. டயரைச் சாப்பிட ஆரம்பிச்சிருச்சு," என்றார் அப்பா. "எங்க உட்ட?"

எங்கே விட்டேன் என்று எனக்குத் தெரியும். அதற்கு மூன்று வாரம் முன்பு, நல்ல மழை நாளில், உக்கடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் குழாய் பதிக்க வெட்டிச் சரியாக மூடாமல் விட்ட பள்ளம். தண்ணீர் நிறைந்து சாலையோடு சாலையாகத் தெரிந்தது. இடது முன்சக்கரம் 'டொம்' என்று இறங்கி ஏறியது. இறங்கிப் பார்த்தேன். டயர் வெடிக்கவில்லை, ரிம்மில் கீறல் இல்லை. வண்டியும் நேராகத்தான் போனது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

முன்சக்கரம் இரண்டும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதுதான் அலைன்மென்ட். அதில் மூன்று பெயர்கள் வரும். மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது டோ. நம் பாதங்களைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி நின்றால் டோ இன், வெளிப்பக்கமாகத் திருப்பினால் டோ அவுட். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்னே பின்னே எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது கேஸ்டருக்காகத்தான். ஹேண்டில்பாரை லேசாகப் பிடித்தாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊரில் விற்கும் சின்ன, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றில் கடையில் திருகி மாற்றக்கூடியது முன்சக்கர டோ ஒன்றுதான். மற்ற இரண்டையும் வண்டியின் வடிவமைப்பே முடிவு செய்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிப் பணம் மிச்சம்.

பேலன்சிங் வேறு. அது டயரும் ரிம்மும் சேர்ந்து சுற்றும்போது எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று பார்த்து, எதிர்ப்பக்கம் ஈயத்துண்டு மாதிரி சின்ன எடைகளை ஒட்டுவது. 80, 90-ல் போகும்போது ஸ்டீயரிங் கையில் நடுங்கினால் பேலன்சிங். நடுக்கம் இல்லாமல் ஒரு பக்கம் போனாலோ, முத்திரை சாய்ந்து நின்றாலோ அலைன்மென்ட்.

வண்டி லேசாக இடது பக்கம் போகிறது என்பதற்காக உடனே பயப்படவும் வேண்டாம். மழைத்தண்ணீர் வடிய நம் சாலைகளை நடுவில் உயர்த்தி ஓரத்தில் இறக்கிப் போடுகிறார்கள். நாம் இடது ஓரம் ஓட்டுகிறோம், அதனால் வண்டி கொஞ்சம் இடது பக்கம் சரியத்தான் செய்யும். பாலத்தின் மேல், அல்லது சமமான அகலச் சாலையில், கையைத் தளர்த்திப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கையை முழுக்க எடுத்துவிட்டுப் பார்ப்பது வேண்டாம். அலைன்மென்ட் எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். இழுப்பு மறுபக்கம் போனால் குற்றம் டயரில். சில டயர்களுக்கு ஒரு பக்கம் இழுக்கும் குணமே இருக்கும்.

முதலில் போன கடையில் பெரிய திரை, கேமரா எல்லாம் இருந்தது. வண்டியை ஏற்றி, நான்கு சக்கரத்திலும் தகடுகளை மாட்டி, ஐந்து நிமிடத்தில் அந்தப் பையன் வந்தான். "அக்கா, கேம்பர் அவுட். டூல் போட்டு இழுக்கணும், 1,200 ஆகும்." திரையைக் காட்டச் சொன்னேன். இடது பக்க டோ சிவப்பில், அதாவது இருக்க வேண்டிய அளவுக்கு வெளியே இருந்தது. கேம்பர் இரண்டு பக்கமும் பச்சை. அதைச் சுட்டிக் காட்டினதும், "பச்சைதாங்க்கா, ஆனா ஓரத்துல இருக்குது, இழுத்துட்டா நல்லது" என்றான்.

கேம்பர் டூல் என்பது ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி. திருகி மாற்ற வழியில்லாத இடத்தில் சக்கரத்துக்கு மேல் நிற்கும் சஸ்பென்ஷன் தூணான ஸ்ட்ரட்டையோ அதைப் பிடித்திருக்கும் பாகத்தையோ வலுக்கட்டாயமாக வளைப்பது அதன் வேலை. வளைக்கக் கூடாத இரும்பை வளைத்து எண்ணைப் பச்சைக்குக் கொண்டுவருகிறார்கள். 1,400 கிலோ வண்டியில் அந்த இரும்புதான் என் குழந்தைகளைச் சுமக்கிறது. எண் உண்மையாகவே சிவப்பாக இருந்தால் எந்தப் பாகம் வளைந்ததோ அதை மாற்ற வேண்டும். எண் பச்சையாக இருந்தால் கையே வைக்கக் கூடாது. அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, வண்டிய எறக்கு." அளந்ததற்கு 300 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம்.

இரண்டாவது கடை கோயம்புத்தூரில். மின்சார வாடகைக் கார்கள் பல அங்கே வருகின்றன என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். அங்கே இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு அலைன்மென்ட் எப்படி நடக்க வேண்டும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

திரை பக்கமே அவர் போகவில்லை. முதலில் டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ரேஷன் பொருளும் 25 கிலோ அரிசி மூட்டையும் இருந்தன. இறக்கச் சொன்னார். பின்பக்கம் கனம் இருந்தால் வண்டி உட்கார்ந்து எண்கள் மாறுமாம். அடுத்து நான்கு டயரிலும் காற்று. அப்புறம்தான் வண்டி மேடைக்கு ஏறியது. ஏறியதும் என்னிடம், "அம்மா, நீங்க உள்ளேயே உக்காருங்க. கதவைச் சாத்திக்குங்க, நியூட்ரல்ல வைங்க" என்றார். காரணம் இருக்கிறது. சக்கரத்தில் மாட்டிய தகடு கோணலாக உட்கார்ந்திருந்தால் அந்தப் பிழையைக் கழிக்க, வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கும் முன்னுக்கும் உருட்ட வேண்டும். என் வண்டியில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தானாகவே பார்க்கிங்கில் போய்ப் பூட்டிக்கொள்ளும். பழக்கமில்லாத கடைகளில் இது தெரியாமல் தள்ளு தள்ளென்று தள்ளுவார்கள். உள்ளே உட்கார்ந்தபடி திரையில் அம்புக்குறி நகர்வதை நானும் பார்த்தேன். பிறகு அவர் சொன்னபடி ஸ்டீயரிங்கை இடதும் வலதும் திருப்பி நேராக நிறுத்தினேன். அதை அப்படியே ஒரு கம்பியால் பூட்டி, பிரேக் மிதியையும் ஒரு கம்பியால் அழுத்தி வைத்தார்.

சக்கரத்தைத் தூக்க வேண்டி வந்தபோது ஜாக்கியின் கைகளை எங்கே வைக்கிறார் என்று பார்த்தேன். கதவுக்கு அடியில், விளிம்பில், மேனுவலில் குறித்திருக்கும் நான்கு இடங்களில் ரப்பர் கட்டை வைத்துத் தூக்கினார். நடுவில் இருப்பது பேட்டரிப் பெட்டி. அதன் அடித்தகட்டில் ஜாக்கி பட்டால் ஆகும் செலவு காரின் விலையில் பெரும்பங்கு. எந்தக் கடைக்குப் போனாலும், வண்டியைத் தூக்கும் அந்த ஒரு நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்காராதீர்கள். ஆரஞ்சு நிற ஒயர்கள் கண்ணில் பட்டால் அவை பெரிய மின்னழுத்தம் போகும் ஒயர்கள், கை வைக்கக் கூடாது என்பதும் அங்கே வேலை செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரையில் வந்த எண்கள்: இடது டோ மைனஸ் 40 நிமிடம். வலது டோ பிளஸ் 2 நிமிடம். ஒரு டிகிரியில் 60 நிமிடம். மைனஸ் என்றால் மூக்கு வெளியே. கேம்பர், கேஸ்டர், பின்சக்கரம் எல்லாம் பச்சை. அவர் உடனே ஸ்பேனரை எடுத்துத் திருகியிருக்கலாம். ஸ்டீயரிங் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடில் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருகி, எண் பச்சையானதும் இறுக்கினால் வேலை முடிந்தது. அவர் அதைச் செய்யவில்லை. டார்ச் அடித்து இடது ராடையும் வலது ராடையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவையும் என்னையும் கீழே கூப்பிட்டார்.

வலது ராடு பென்சில் மாதிரி நேராக இருந்தது. இடது ராடு நடுவில் சற்றே வில் போல வளைந்திருந்தது. தனியாகப் பார்த்தால் தெரியாது. இரண்டையும் பார்த்தபின் தெரியாமல் இருக்காது. "இதை வெச்சுட்டே நான் எண்ணைச் சரி பண்ணிக் குடுத்துரலாம். ஆனா வளைஞ்ச ராடு மறுபடி ஒரு பள்ளத்துல என்ன பண்ணும்னு சொல்ல முடியாது. மாத்திட்டு வாங்க." அன்றைக்கு அவர் பணம் வாங்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் ராடை மாற்றினேன். பள்ளத்தில் அடிபட்டதற்கு வாரன்டி கிடையாது, அது நியாயம்தான். ராடும் கூலியும் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. திரும்ப அவரிடமே வந்து அலைன்மென்ட் செய்தோம், 600 ரூபாய். இரண்டு பக்கமும் பிளஸ் 4 நிமிடம். கடைசியாக ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். வண்டி சறுக்காமல் பிடிக்கும் அமைப்பு அந்த சென்சார் சொல்வதை நம்பித்தான் இயங்குகிறது. முன்கண்ணாடியில் கேமரா வைத்து, பாதைக் கோட்டைப் பார்த்து உதவும் வசதி உள்ள வண்டிகளில் அந்தக் கேமராவையும் சரிபார்க்க வேண்டிவரலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்துகிறவள், போடாமல் இருக்க முடியவில்லை. நேராக ஓட்டும்போது இரண்டு முன்சக்கரங்களும் மொத்தக் கோணலைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். மொத்தம் 38 நிமிடம், ஆளுக்கு 19. இடதில் மட்டும் அடிபட்டும் ஸ்டீயரிங் சாய்ந்ததும், இரண்டு டயரும் கீறியதும் இதனால்தான். 19 நிமிடக் கோணத்துக்கு டேன் மதிப்பு சுமார் 0.0055. ஆக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் தன் திசையிலிருந்து ஐந்தரை மீட்டர் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. என் ஒருநாள் பயணமான 80 கிலோமீட்டருக்கு 440 மீட்டர். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் இது முழுதும் உரசல் இல்லை. இருந்தாலும், காலையில் வண்டியைத் தெருவில் 440 மீட்டருக்குப் பக்கவாட்டில் யாராவது இழுத்துப் போனால் நான் கத்தியிருப்பேன். அதை நானே தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இந்தத் தள்ளலுக்கு வேண்டிய சக்தியும் பேட்டரியிலிருந்துதான் போகிறது. ராடு மாற்றிய பிறகு யூனிட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் கூடியது என்று எண் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதே வாரத்தில் மழை நின்றது, ஏசி உபயோகம் மாறியது. டயர் தேய்மானம் நின்றது என்பதை மட்டும் கையால் தடவிச் சொல்ல முடியும்.

அப்பா காலத்தில் இதற்குத் திரை கிடையாது. சங்ககிரி பக்கம் பட்டறைகளில் நூல் பிடித்துப் பார்ப்பார்களாம். வண்டியை நேராக நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் தாண்டி இரண்டு பக்கமும் நூலை விறைப்பாகக் கட்டி, முன் ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் அளப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. கேமரா அளப்பதும் அதையேதான். என் இடது சக்கரத்தின் 40 நிமிடத்தை 16 அங்குல ரிம்மில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நூலிலேயே பிடிபட்டிருக்கும்.

மின்சாரக் கார் வாங்கிய முதல் சில மாதங்களில் கவனிக்க வேண்டிய மற்றவை இதைவிடச் சின்னவை. பிரேக்கை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ரீஜென் நன்றாக வேலை செய்வதால் பிரேக் பேடு வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் உபயோகிக்காத டிஸ்க்கில் துரு ஏறும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். வாரம் ஒரு நாள், பின்னால் வண்டி இல்லாத சாலையில், ரீஜெனைப் பூஜ்யத்தில் வைத்து ஏழெட்டுத் தடவை நன்றாக அழுத்திப் பிரேக் பிடிக்கிறேன். பிரேக் ஆயில் கிலோமீட்டரைப் பார்க்காது, காலத்தைப் பார்க்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். என் மேனுவல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது.

பெரிய பேட்டரியைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். வழியில் நிறுத்திவிடக்கூடியது பானெட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால் பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தும் வண்டி கண் விழிக்காது, ஏனென்றால் பெரியதை இணைக்கும் சுவிட்சை இழுப்பதே சின்னதுதான். வண்டியை முழுதாக ஆன் செய்யாமல் பாட்டு கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்காராதீர்கள். என் வண்டியின் பெரிய பேட்டரி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. அதில் சார்ஜ் இறங்கினாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது, அதனால் மீதி எவ்வளவு என்று வண்டிக்குக் கணிப்பது கஷ்டம். மேனுவலில் சொன்னபடி அவ்வப்போது 100 வரை ஏற்றிவிடுகிறேன். வேறு வகை பேட்டரி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, தங்கள் மேனுவலைப் பார்க்க வேண்டும். கூலன்ட் டேங்கில் அளவு குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அவ்வளவுதான்.

டயர் மாற்றும் நாள் வரும்போது பக்கச் சுவரைப் படியுங்கள். என் டயரில் 215/60 ஆர்16 95எச் என்று இருக்கிறது. அந்த 95 என்பது ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும் எண். அளவு ஒன்றுதான் என்று சொல்லி 91 போட்ட டயரை விலை குறைவாகக் கொடுப்பார்கள், அது 615 கிலோ. கனமான வண்டிக்கு அதை வாங்கவே கூடாது.

இரண்டு கடைகளில் எடுத்த அளவுத் தாள்களும் காரின் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கின்றன. பிரின்ட் கொடுக்காத கடையில் நான் இனி அலைன்மென்ட் செய்ய மாட்டேன், சரிசெய்வதற்கு முன் இருந்த எண்ணும் பின் இருந்த எண்ணும் அதில் இருக்க வேண்டும். புது வண்டியில் ஸ்பிரிங்கும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் அமர்ந்து பழகும். அதனால் மேனுவல் சொல்லும் 10,000 கி.மீ. வரை காத்திருக்காமல் 5,000-ல் ஒருமுறை அளந்தேன். எல்லாம் பச்சை. கோயம்புத்தூர்க் கடைக்காரர் எதையும் தொடாமல் தாளைக் கையில் கொடுத்தார்.

போன வாரம் 8,200 ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மறுபடி வேட்டியை மடித்துக் கட்டி டயர் முன்னால் குந்தினார். உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கியது. எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முன்னாடி ரெண்டும் பின்னாடியவிடக் கொஞ்சம் அதிகமாத் தேஞ்சிருக்குது. இந்த வாரம் முன்னதப் பின்னாடியும் பின்னதை முன்னாடியும் மாத்திப் போட்டுரு, அம்மிணி."